தன் பெயர் தாங்கிய சட்டத்தைத் தானே திருத்திய மாக்சின் வாட்டர்ஸ்

கேள்வி இதுதான்: அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் மூத்த உறுப்பினர் மாக்சின் வாட்டர்ஸ் கட்டமைப்புச் செலவு, வெள்ளக் காப்பீடு, வங்கிகளின் பொறுப்பு ஆகிய மூன்றிலும் என்ன நிலைப்பாடு கொண்டவர்? வெள்ளக் காப்பீட்டுக்குத் தன் பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டு, இரண்டே வருடத்தில் அதைத் திருத்தச் சொல்லிப் போராடியது முரண் இல்லையா?

முரண்தான். இப்படியெல்லாம் ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், அதனால் அதை மறுத்துப் பேச எனக்கும் வேலையில்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் மற்ற இரண்டு விஷயங்களில் அவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்பதும் தெரிந்துவிடும். ஒரு நஷ்டம் வந்தால் அதன் பில் யார் தலையில் விழுகிறது என்பதுதான் மூன்றிலும் அவர் கேட்பது. கேள்வி சரியானது என்பது என் எண்ணம். அவர் சொல்லும் பதில்களில் பாதியோடுதான் எனக்கு உடன்பாடு.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1938இல் செயின்ட் லூயிஸ் நகரில், 13 பிள்ளைகள் இருந்த வீட்டில் பிறந்தவர். துணி ஆலையிலும் தொலைபேசி நிறுவனத்திலும் வேலை பார்த்து, 1976இல் கலிஃபோர்னியா மாநில அவைக்குத் தேர்வாகி, 1991 முதல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் பிரதிநிதியாக வாஷிங்டனில் இருக்கிறார். ஜனநாயகக் கட்சி. 2019 தொடங்கி நான்கு வருடம் சபையின் நிதிச் சேவைகள் குழுவுக்குத் தலைவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண், முதல் கறுப்பினத்தவர். 2017இல் நிதியமைச்சர் ஸ்டீவன் மனூச்சின் சுற்றி வளைத்துப் பேசியபோது “என் நேரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லி அவரை நிறுத்தினாரே, அந்த வீடியோ வழியாக இவரைத் தெரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர்.

சரி, வெள்ளத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியில் தீ, திருட்டு, காற்று எல்லாம் இருக்கும், வெள்ளம் இருக்காது. 1927இல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்து ஓடியதற்குப் பிறகு தனியார் கம்பெனிகள் இந்தத் தொழிலிலிருந்து ஏறக்குறைய மொத்தமாக விலகிக்கொண்டன. வெள்ளம் வந்தால் ஒரு தெருவுக்கே வரும், எல்லாரும் ஒரே நாளில் கிளெய்ம் கேட்பார்கள். வராத மேட்டில் இருப்பவன் பாலிசி வாங்கவே மாட்டான். இதில் எந்தக் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும்? 1965இல் பெட்ஸி புயல் லூசியானாவைப் புரட்டிப்போட்ட பிறகு, 1968இல் அரசே காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஒப்பந்தம் எளிமையானது: வெள்ளப் பகுதியில் கட்டடம் கட்டுவதற்கான விதிகளை ஊர் நிர்வாகம் ஏற்றுக்கொண்டால், அந்த ஊர்க்காரர்கள் அரசுக் காப்பீடு வாங்கலாம். 1973இல் இன்னொரு முடிச்சும் போட்டார்கள். எந்த வருடத்திலும் வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்புள்ள பகுதியில் வீடு இருந்து, வங்கிக் கடனும் இருந்தால், பாலிசி கட்டாயம்.

இந்த 1 சதவீதத்தைத்தான் ‘நூறாண்டு வெள்ளம்’ என்று சொல்லி எல்லாரையும் குழப்பிவிட்டார்கள். நூறு வருடத்துக்கு ஒரு முறைதானே என்று ஆள் நிம்மதியாகத் தூங்குகிறான். 30 வருட வீட்டுக் கடன் காலத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்று. கோட்டுக்கு வெளியே இருந்தால் பத்திரம் என்பதும் கிடையாது. 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் மாவட்டத்தில் மட்டும் ஒன்றரை லட்சம் வீடுகளுக்கு மேல் தண்ணீர் புகுந்தது. அதில் பெரும்பாலானவை கட்டாயக் காப்பீட்டு எல்லைக்கு வெளியே இருந்தவை, பாலிசியே இல்லாதவை. ஹூஸ்டன் பக்கம் வீடு பார்க்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ‘இந்தப் பகுதிக்குக் கட்டாயம் இல்லை’ என்று ஏஜென்ட் சொன்னால், தேவையில்லை என்று காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள். புயல் செய்தி வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. வழக்கமாக 30 நாள் காத்திருப்பு உண்டு.

திட்டத்தில் தொடக்கத்திலிருந்தே ஒரு ஓட்டை. எங்கே வெள்ள ஆபத்து என்று காட்டும் அரசு வரைபடம் வருவதற்கு முன்பே கட்டிய பழைய வீடுகளுக்கு உண்மையான ஆபத்துக்கேற்ற பிரீமியம் போட்டால் யாரும் சேர மாட்டார்கள் என்று சலுகை விலை வைத்தார்கள். காலப்போக்கில் அந்த வீடுகள் இடிந்து போய்விடும், சலுகையும் தானே மறைந்துவிடும் என்பது கணக்கு. வீடுகள் இடியவில்லை. திரும்பத் திரும்ப மூழ்கின, திரும்பத் திரும்பக் கிளெய்ம் வாங்கின. மொத்தப் பாலிசியில் ஏறக்குறைய 1 சதவீதம் இருக்கும் இத்தகைய வீடுகளுக்குக் கிளெய்ம் பணத்தில் 25 முதல் 30 சதவீதம் போகிறது என்று அரசின் தணிக்கை அமைப்பே எழுதியது. 2005இல் கத்ரீனா வந்தபோது கஜானாவிலிருந்து சுமார் 1,700 கோடி டாலர் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணியில்தான் 2012இல் குடியரசுக் கட்சியின் ஜூடி பிகர்ட்டும் ஜனநாயகக் கட்சியின் வாட்டர்ஸும் சேர்ந்து அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது வீடுகள், கடைகள், அடிக்கடி மூழ்கும் வீடுகள் ஆகியவற்றின் பிரீமியம் உண்மை விலையை எட்டும்வரை வருடம் 25 சதவீதம் ஏறும். சொந்தமாகக் குடியிருக்கும் பழைய வீட்டுக்குச் சலுகை தொடரும், ஆனால் வீடு கைமாறினால் அன்றைக்கே சலுகை போய்விடும். வெள்ளப் பகுதியில் பாலிசி இல்லாமல் கடன் கொடுக்கும் வங்கிக்கு, ஒவ்வொரு மீறலுக்கும் அபராதம் 385 டாலரிலிருந்து 2,000 ஆனது; வருட உச்சவரம்பும் நீக்கப்பட்டது. இந்தக் கடைசிப் பகுதியை யாரும் பேசுவதில்லை. வெள்ளச் சட்டத்துக்குள்ளேயே வங்கிகளைக் கேள்வி கேட்கும் ஒரு பகுதி இருந்தது.

அப்புறம் இன்னொன்று. இந்தச் சட்டம் தனியாக நிறைவேறவில்லை. 10,500 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிய நெடுஞ்சாலை மசோதாவின் உள்ளே ஒரு பகுதியாகப் போனது. ஒரே கட்டில் சாலை, பாலம், வெள்ளக் காப்பீடு, மாணவர் கடன் வட்டி எல்லாம். 2012 ஜூலை 6 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். வெள்ளப் பகுதியை எத்தனை பேர் உட்கார்ந்து படித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

மூன்றரை மாதத்தில் சாண்டி புயல். நியூயார்க், நியூஜெர்சி கரையில் புது வரைபடங்கள் வந்தன. அப்போது இந்தக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் பேரிடர் நிர்வாக முகமை ஃபெமா, வீட்டை உயர்த்திக் கட்டினால் என்ன லாபம் என்று புரியவைக்க ஒரு படம் போட்டுக் காட்டியது. மூன்று வீடுகள் வரிசையாக நிற்கும். வெள்ளம் எட்டும் என்று கணித்த மட்டத்துக்கு 3 அடி மேலே தளம் இருந்தால் வருடப் பிரீமியம் 427 டாலர். சரியாக அதே மட்டத்தில் இருந்தால் 1,410. 4 அடி கீழே இருந்தால் 9,500. அறிவுரைக்காகப் போட்ட படம்தான். ஆனால் அந்த மூன்றாவது வீட்டில் குடியிருக்கிற ஓய்வுபெற்றவர் அதைப் பார்த்தால்? வீட்டைத் தூக்கிக் கட்டக் கையில் பணம் இல்லை. விற்றுவிட்டுப் போகலாம் என்றால், வாங்க வருபவருக்கு முதல் நாளிலிருந்தே முழுப் பிரீமியம், மாதம் 800 டாலர் கடன் தவணையோடு கூடுதலாகச் சேரும். வாங்க வந்தவர் அப்படியே திரும்பிப் போவார். வீட்டின் விலை விழும். இருக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. லூசியானாவில் அரசு சொன்ன விதிப்படியே அளந்து கட்டியவர்கள்கூட வரைபடம் மாறியதால் இதே நிலைக்குப் போனார்கள். மிசிசிப்பி மாநிலம் ஃபெமா மேல் வழக்கே போட்டது.

வாட்டர்ஸ் கோபப்பட்ட இடம் குறிப்பானது. மக்களால் இந்த விலையைத் தாங்க முடியுமா என்று முதலில் ஆய்வு செய்யுங்கள் என்று அதே சட்டம் ஃபெமாவுக்கு உத்தரவிட்டிருந்தது, கெடுவும் வைத்திருந்தது. ஆய்வு முடியவில்லை, விலை மட்டும் ஏறத் தொடங்கிவிட்டது. 2013 நவம்பரில் ஃபெமா தலைவர் கிரெய்க் ஃப்யூகேட்டை குழுவில் உட்கார வைத்து இதைத்தான் கேட்டார்கள். பிறகு ஸ்டேட்டன் தீவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் மைக்கேல் கிரிமுடன் சேர்ந்து வாட்டர்ஸ் திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். 2014 மார்ச்சில் சபையில் 306க்கு 91 என்று நிறைவேறியது. வீடு கைமாறினால் சலுகை போகும் விதி நீங்கியது, பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றம் வருடம் 18 சதவீதத்துக்குள் என்று வரம்பு வந்தது, அதற்கு ஈடாக எல்லாப் பாலிசிக்கும் ஒரு கூடுதல் கட்டணம் விழுந்தது.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். கைமாறும் விதியை நீக்கியது சரி. மற்றது அவசர வேலை. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு உதவ வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்துக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். கடற்கரையில் பெரிய வீட்டில் குடியிருப்பவருக்கும் மூன்றாவது வீட்டு ஓய்வூதியருக்கும் ஒரே 18 சதவீத நிழல் விரித்தது 2014 சட்டம். இதை வாட்டர்ஸும் பின்னால் உணர்ந்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. 2019இல் குழுத் தலைவரானதும் அவர் கொண்டுவந்த மசோதாவில் வருமானத்தைப் பார்த்து உதவும் ஒரு சோதனைத் திட்டம் இருந்தது. வரைபடங்களைச் சீராக்கப் பணமும், திட்டத்துக்கு ஐந்து வருடப் புதுப்பிப்பும் இருந்தன. குழுவில் 59க்கு 0. இன்றைய வாஷிங்டனில் அப்படி ஒரு எண்ணைப் பார்ப்பதே அபூர்வம். முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு அது வரவே இல்லை. வெள்ள அரசியலில் கட்சி இரண்டாம்பட்சம், கரையோரமா உள்நாடா என்பதே முதல். லூசியானா குடியரசுக் கட்சிக்காரரும் நியூஜெர்சி ஜனநாயகக் கட்சிக்காரரும் ஒரே பக்கம் நிற்பார்கள்.

காப்பீட்டுத் திட்டம் கஜானாவிடம் வாங்கிய கடனை ரத்து செய்யச் சொல்வது அவருடைய இன்னொரு கோரிக்கை. 2017இல் ஹார்வி, இர்மா, மரியா வரிசையாக வந்து 3,042 கோடி டாலர் உச்சவரம்பையே தொட்ட பிறகு காங்கிரஸ் 1,600 கோடியைத் தள்ளுபடி செய்தது. அதன் பிறகும் கடன் வாங்க வேண்டியிருந்ததால் 2,052 கோடி நின்றது. வட்டி மட்டும் வருடம் 60 கோடி டாலருக்கு மேல், அதுவும் பாலிசிதாரர் கட்டும் பிரீமியத்திலிருந்து. தள்ளுபடி செய்துகொண்டே போனால் கணக்குக்கு என்ன மதிப்பு என்பது எதிர்த்தரப்பு வாதம். வாட்டர்ஸுக்கு முன் தலைவராக இருந்த டெக்சஸின் ஜெப் ஹென்சர்லிங் இதைக் கடுமையாகவே வைத்தார், தனியார் கம்பெனிகளை உள்ளே விடும் தன் மசோதாவை 2017இல் சபையில் நிறைவேற்றியும் காட்டினார். செனட்டில் அது நின்றுவிட்டது.

இந்த இடத்தில் நான் வாட்டர்ஸ் பக்கம். கத்ரீனாவில் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது வெறும் மழை இல்லை. ராணுவப் பொறியியல் பிரிவு கட்டிய வெள்ளச் சுவர்கள் உடைந்தன. மத்திய அரசின் கட்டமைப்பு தோற்றதால் வந்த நஷ்டத்தைக் காப்பீட்டுத் திட்டத்தின் கணக்கில் எழுதி, அதற்கு ஒஹாயோவில் ஆற்றங்கரையில் இருப்பவரிடம் இன்றுவரை வட்டி வசூலிப்பது என்ன நியாயம்? ஆனால் தள்ளுபடியோடு, திரும்பத் திரும்ப மூழ்கும் வீடுகளை அரசு விலைக்கு வாங்கி இடத்தைக் காலி செய்வதும் சேர வேண்டும். அதைப் பேசும்போது மட்டும் வாட்டர்ஸின் குரல் கொஞ்சம் தணிந்துவிடுகிறது. எந்த ஊர்க்காரரிடமும் ‘கிளம்புங்கள்’ என்று சொல்ல எந்த அரசியல்வாதிக்கும் வாய் வராது.

கட்டமைப்பில் அவருடைய வாதம் ஒரே வரி: வீடும் கட்டமைப்புதான். சாலை, பாலம், துறைமுகம் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள், அரசுக் குடியிருப்புகளையும் சேருங்கள் என்கிறார். கூரை ஒழுகும், கொதிகலன் ஓடாத அந்தக் கட்டடங்களைப் பழுதுபார்க்க 7,000 கோடி டாலர் வேண்டும் என்பது அவர் கொடுத்த கணக்கு. இந்தப் பேச்சு திடீரென்று வந்ததில்லை. 2007 பிப்ரவரியிலேயே வீட்டுவசதித் துணைக்குழுவின் தலைவராக நியூ ஆர்லியன்ஸுக்குப் போய், கத்ரீனாவுக்குப் பிறகு பூட்டி வைத்திருந்த அரசுக் குடியிருப்புகளின் மக்களை வரவழைத்து விசாரணை நடத்தியவர்.

2021இல் வாய்ப்பு வந்தது, பாதி கிடைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. நவம்பரில் வந்த பெரிய கட்டமைப்புச் சட்டத்தில் வெள்ளத் தடுப்பு உதவிக்கு 350 கோடி டாலர் இருந்தது. வீட்டுவசதிக்குப் பெரிதாக எதுவும் இல்லை. அதை அடுத்த மசோதாவில் வைக்கலாம் என்றார்கள். வாட்டர்ஸின் குழு 30,000 கோடிக்கு மேல் எழுதிக் கொடுத்தது, சபையில் நிறைவேறும்போது அது சுமார் 15,000 கோடியாகச் சுருங்கியது, டிசம்பரில் செனட்டர் ஜோ மான்ச்சின் ஆதரிக்க மாட்டேன் என்றதும் எல்லாம் போயிற்று.

பொறுப்புக் கேட்பதில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வெல்ஸ் ஃபார்கோ வங்கி விவகாரம். வாடிக்கையாளருக்குத் தெரியாமலே ஊழியர்கள் லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்தது 2016இல் வெளியானது. அபராதம் 18.5 கோடி டாலர். முதலில் 20 லட்சம் கணக்குகள் என்றார்கள், மறு எண்ணிக்கையில் 35 லட்சம் வரை போனது. தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ஃப் பதவி விலகினார். அடுத்து வந்த டிம் ஸ்லோன் 2019 மார்ச் 12 அன்று வாட்டர்ஸின் குழு முன் வந்து உட்கார்ந்தார். மார்ச் 28இல் அவரும் விலகினார். அடுத்த வருடம் நிர்வாகக் குழுத் தலைவர் எலிசபெத் டியூக்கும் இயக்குநர் ஜேம்ஸ் குவிக்லியும் விசாரணைக்குச் சில நாள் முன்பே ராஜினாமா செய்தார்கள். நாடாளுமன்றக் குழுவுக்கு அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. ஆளைக் கூப்பிடலாம், ஆவணம் கேட்கலாம், கேமரா முன் உட்கார வைக்கலாம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்தது சாதாரணம் இல்லை.

அதே குழுவில் சறுக்கலும் உண்டு. 2019 ஏப்ரலில் ஏழு பெரிய வங்கித் தலைவர்களை வரிசையாக உட்கார வைத்து, மாணவர் கடனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பேங்க் ஆஃப் அமெரிக்கா தலைவர், நாங்கள் 2007லேயே நிறுத்திவிட்டோம் என்றார். சிட்டி தலைவர் 2009 என்றார். ஜேபி மோர்கன் சேஸ் தலைவர் ஜேமி டைமன், 2010இல் அரசே அதை எடுத்துக்கொண்டதும் நாங்களும் நிறுத்திவிட்டோம் என்றார். 2010 சட்டத்துக்கு வாக்களித்தவர் வாட்டர்ஸ். அவருடைய எதிரிகள் அந்த வீடியோவை இன்னும் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்மேலேயே பொறுப்புக் கேள்வி எழுந்ததையும் சொல்லாமல் விடக் கூடாது: 2008 நெருக்கடியில், கணவர் பங்கு வைத்திருந்த ஒன்யுனைடெட் வங்கிக்காக அதிகாரிகளிடம் பேசினார் என்ற புகாரைச் சபையின் நெறிமுறைக் குழு நீண்ட நாள் விசாரித்து, 2012இல் அவர்மேல் தவறில்லை என்று முடித்தது.

எனக்கு உறுத்துவது வேறு. வெள்ளக் காப்பீட்டுப் பாலிசியைப் பெரும்பாலும் விற்பதும் கிளெய்ம் பார்ப்பதும் தனியார் கம்பெனிகள்தான். 1983 முதல் இப்படி. நஷ்டம் வந்தால் அரசுக்கு. கம்பெனிகளுக்குப் பிரீமியத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் கையில். சாண்டிக்குப் பிறகு, சேதத்துக்குக் காரணம் வெள்ளம் இல்லை, வீட்டின் பழைய விரிசல்தான் என்று பொறியாளர் அறிக்கைகளே திருத்தப்பட்ட விவகாரம் வெடித்தது. 2015இல் ஃபெமா 1,42,000 பாலிசிதாரர்களுக்குக் கடிதம் எழுதி, வேண்டுமானால் கோப்பைத் திரும்பத் திறக்கிறோம் என்றது. வெல்ஸ் ஃபார்கோ தலைவர்கள் உட்கார்ந்த அதே மேஜையில் இந்தக் கம்பெனிகளின் தலைவர்களையும் வரிசையாக உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். அவருடைய மூன்று அக்கறைகளும் ஒன்றாகக் கூடும் இடம் அது.

இனி அவர் கேட்பது நடக்குமா என்றால், சபையில் பெரும்பான்மை அவர் கட்சியிடம் இல்லாதவரை கடினம். 2017 செப்டம்பருக்குப் பிறகு இந்தத் திட்டத்துக்குக் குறுகிய கால நீட்டிப்பு மட்டும் 30 முறைக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள், சில வாரம், சில மாதம் என்று. 2025 அக்டோபரில் அரசு முடங்கியபோது திட்டமே காலாவதியாகி, நவம்பர் 12 வரை புதுப் பாலிசி எழுத முடியாமல் வீடு வாங்க இருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கடைசியாக இந்தத் திட்டத்துக்கு முழுதாக ஐந்து வருடம் கிடைத்தது 2012இல், நெடுஞ்சாலை மசோதாவின் முதுகில் ஏறிப் போனபோதுதான்.